சித்தி திரும்பிக்கொள்வாள்

சத்தியம். கற்பூரத்தைக் கொளுத்தி நீட்டுங்கள், கையால் அடித்து அணைக்கிறேன். கோபுரம் தெரிகிற பக்கமாகத் திரும்பி, தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தெருக்கோடி வரை கேட்கும்படி சொல்கிறேன்: இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் நடந்தது நடந்தபடி. ஒன்று பொய்யாக இருந்தால் என் வாயில் மிச்சமிருக்கிற பல்லெல்லாம் இன்று பொழுது சாய்வதற்குள் உதிரட்டும். மிச்சம் எத்தனை என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஆடி கழியட்டும் என்று காத்திருந்து, ஆவணி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. சங்கரன்கோவிலில், சங்கரலிங்கத்தின் வீட்டு வாசலில் குட்டியானை வண்டி நின்றது. அவன் தம்பி நமச்சிவாயமும் தம்பி பெண்டாட்டி கோமுவும் ராஜபாளையத்தில் தனிக்குடித்தனம் போகிறார்கள். அங்கே மில்லில் அவனுக்கு வேலை. வெளியே கட்டில் ஏறுகிறது, பீரோ ஏறுகிறது, சீர்வரிசைப் பாத்திரமெல்லாம் சாக்குக்குள் கலகலக்கிறது. உள்ளே, சங்கரலிங்கத்தின் மனைவி செண்பகம் கக்கூஸில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருக்கிறாள். எதிரே வெள்ளைக் கோப்பையின்மேல் அவள் மகள். ஐந்து வயது. குலசாமி பெயரை வைத்து உலகம்மாள், பள்ளிக்கூடத்தில் உலகநாயகி, வீட்டில் உலகு. கோமு சாமான் கட்டத் தொடங்கிய நாளிலிருந்து உலகு வெளிக்குப் போகவில்லை. வயிறு கல்லாகக் கிடக்கிறது. நேற்றுச் சாயங்காலம் மறுபடி ஜட்டியில் கறை. ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே சங்கரலிங்கம் சாதாரணமாகச் சொன்னான், ஏதோ ரசத்துக்கு உப்புக் கேட்பதுபோல: “நாளைக்குக் காலையிலயும் உங்கிட்ட போகலைன்னா, பிள்ளைய ஒரு மாசம் கோமு கூட அனுப்பி வைப்போம் செம்பா. அவகிட்டதானே போறா.” சொல்லிவிட்டுத் தயிர் கேட்டான். காலையில் எழுந்து பார்த்தால் உலகுவின் சின்னப் பை, நாய்க்குட்டிப் படம் போட்டது, நடைவாசலில் தயாராக இருந்தது. இரண்டு கவுன் மடித்து வைத்து, மருந்துப் பாட்டிலைத் துணியில் சுற்றி. யார் எடுத்து வைத்தது என்று செண்பகம் கேட்கவில்லை. கேட்டால் அவள் பெயரைச் சொல்லுவார்கள். அந்தப் பெயரை இந்த வீட்டில் இதற்குமேல் ஒருவர் வாயிலும் கேட்க முடியாது என்று தோன்றியது.

போ. போய்விடு, என் தங்கம், ஒரே ஒரு தடவை, அம்மாவுக்காகப் போ, என்று செண்பகம் வாய் திறக்காமல் சொல்லிக்கொண்டு பிள்ளையின் முகத்தையே பார்த்தாள், முகத்திலிருந்து வயிற்றை, வயிற்றிலிருந்து கோப்பையின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருக்கிற விரல்களை, விரல்களிலிருந்து காலை. கால் கட்டைவிரல் சுருண்டிருக்கிறது. சுருண்டால் அடக்குகிறாள் என்று அர்த்தம். டாக்டரம்மா சொன்னது. டாக்டரம்மா அதை என்னிடமா சொன்னாள், கோமுவிடம் அல்லவா சொன்னாள். காலுக்கடியில் பிளாஸ்டிக் முக்காலி ஆடுகிறது. பிள்ளை உட்காரும்போதே சொல்லிவிட்டது, “இது ஆடுதும்மா, சித்தி பலகை ஆடாது.” சித்தி பலகை. கல்யாணத்துக்கு மாப்பிள்ளையும் பெண்ணும் உட்கார்ந்த மணைப்பலகை, பித்தளைப் பூண் போட்டது, கோமுவின் அப்பா செய்து கொடுத்த சீர். அதைக் கொண்டுவந்து கக்கூஸில் போட்டுப் பிள்ளை காலுக்கு வைத்தவள் அவள். கால் தொங்கக்கூடாது, ஊன்றியிருந்தால்தான் முக்க முடியும் என்று டாக்டரம்மா சொல்லி முடிக்கவில்லை, வீட்டுக்கு வந்ததும் பலகை உள்ளே போய்விட்டது. சங்கரலிங்கம் அதைப் பார்த்துவிட்டு, “மணைய இப்படிப் போடலாமா கோமு” என்றான். “பிள்ளைய விடவா அத்தான்” என்றாள். அந்த ஒரு சொல்லுக்கு இவன் துண்டை உதறிக்கொண்டு திரும்பிப் போனதை செண்பகம் பார்த்தாள். பன்னிரண்டு வருஷமாக இவனோடு மல்லுக்கட்டுகிறாள், ஒரு நாள்கூட இவனை ஒரு சொல்லில் நிறுத்த முடிந்ததில்லை. இன்றைக்குக் காலையில் அந்தப் பலகையைத் தானே எடுத்துக்கொண்டுபோய் வண்டியில் போட்டாள். “உன் சீரு உன்னோட போகட்டும்” என்று. கோமு என்னவோ சொல்ல வந்தாள். சொல்ல விடவில்லை. இப்போது முக்காலி ஆடுகிறது.

வாசனை. இந்தக் கக்கூஸுக்குள்கூட அவள் வாசனை. பினாயில் ஊற்றித் தேய்த்துக் கழுவியாயிற்று, இருந்தாலும் எங்கிருந்தோ அவள் தலையில் வைக்கிற பிச்சிப்பூ நாற்றம். நாற்றம் இல்லை, மணம்தான், ஆனால் செண்பகத்துக்கு நாற்றம். எத்தனை நாள் இந்தத் தகரக் கதவுக்கு வெளியே கையில் கரண்டியோடு திருடிபோல நின்றிருக்கிறாள். உள்ளே கோமு என்னவோ மெல்லிய குரலில் சொல்லுவாள். பிறகு பிள்ளை சிரிக்கும். பெற்றவளுக்குத் தெரியாதா தன் பிள்ளையின் சிரிப்பு, ஆனால் அந்தச் சிரிப்பு அவளுக்குத் தெரியாத சிரிப்பு, வயிற்றின் அடியிலிருந்து குலுங்கி வருகிற சிரிப்பு. அது வந்த கொஞ்ச நேரத்தில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம். அப்புறம் “அக்கா, போய்ட்டா” என்று கோமு கதவைத் திறந்துகொண்டு வருவாள், ஏதோ அவளே பெற்றுக்கொண்டு வருவதுபோல. சிரிப்பு அவளுக்கு. கறை எனக்கு. ஜட்டி ஊறவைத்துக் கசக்கியது யார், சோடா உப்புப் போட்டது யார், பள்ளிக்கூட ஆயா பாலித்தீன் பையில் முடிந்து கொடுத்ததைத் தெருவெல்லாம் மறைத்துக்கொண்டு வந்தது யார். வகுப்பு மிஸ், “கொஞ்ச நாள் வீட்லயே வச்சிருங்களேன், மத்த பிள்ளைங்க மூக்கப் பிடிக்குது” என்று சொன்னபோது தரையைப் பார்த்து நின்றது யார். அவளுக்கு இதெல்லாம் தெரியுமா. அவள் வந்தது தையில். பூவும் பொட்டுமாக வந்தாள், சிரித்தாள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். அவள் நடை அழகு, பேச்சு அழகு, இடது கெண்டைக்காலில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு தழும்பு, மஞ்சள் பூசும்போது செண்பகம்தான் முதலில் பார்த்தாள், “மத்தாப்புக் கம்பி பட்டுட்டுக்கா” என்றாள் கோமு, அந்தத் தழும்புகூட அவளுக்கு ஒரு நகைபோலத்தான் இருந்து தொலைத்தது.

பார்த்துக்கொண்டே இருக்கிறாள் செண்பகம். பிள்ளையின் நெற்றியில் வேர்வை. “முக்கு தங்கம்.” “வரலை.” “வரும், முக்கு.” “வரலைம்மா.” வரும், ஏன் வராது, அவளிடம் வருகிறதே. டாக்டரம்மாவின் அறை நினைவுக்கு வந்தது. அதை நினைக்கக்கூடாது என்று நினைத்தாள், நினைக்கக்கூடாது என்றால் அதுதான் முன்னால் வந்து நிற்கும். திருநெல்வேலி, மாடிப்படி, மீன்தொட்டி. செண்பகமும் கோமுவும் உட்கார்ந்தார்கள், பிள்ளை ஓடிப்போய் கோமு மடியில் ஏறிக்கொண்டது. டாக்டரம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டு கோமுவைப் பார்த்து, “அம்மா நீங்கதானே?” என்றாள். அம்மா நீங்கதானே. கோமு சட்டென்று, “இல்லல்ல, அக்காதான்” என்று கையைக் காட்டினாள், ஆனால் அதற்கு முன்னால் ஒரு கணம் இருந்தது, சின்னக் கணம், அந்தக் கணத்தில் அவள் முகம் மலர்ந்ததா இல்லையா? மலர்ந்தது. இல்லை, மலரவில்லை, வெட்கப்பட்டாள். இல்லை, மலர்ந்துதான் வெட்கப்பட்டாள். இதை எத்தனை ராத்திரி புரட்டிப் பார்த்தாயிற்று, தோசை கருகினதுதான் மிச்சம். பிறகு டாக்டரம்மா மேஜைமேல் விரலால் கோடு போட்டுக் காட்டினாள். குடலுக்குள் கெட்டியாக ஒரு உருண்டை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, பழைய ஜட்டி எலாஸ்டிக் மாதிரி குடல் இழுபட்டுப் போய்விட்டது, மேலே புதிதாக வருகிற தண்ணி மலம் அந்த உருண்டையின் ஓரமாக வழிந்து வந்துவிடுகிறது, பிள்ளைக்கு அது வருவதே தெரியாது. “வேணும்னு செய்யலை. சோம்பேறித்தனம் இல்லை. அடிச்சா இன்னும் அடக்குவா.” அடக்குவா என்று சொல்லும்போது டாக்டரம்மா அம்மாவைப் பார்த்தாள், அப்போது மட்டும் சரியாகக் கண்டுபிடித்துவிட்டாள், அம்மா யார் என்று.

அதுவரைக்கும் செண்பகம் அதைப் பேதி என்றல்லவா நினைத்தாள். ஜட்டியில் தண்ணியாக இருந்தால் யாரும் என்ன நினைப்பார்கள்? மாதுளம் தோலைக் காயவைத்து, இடித்து, கஷாயம் போட்டு, மூக்கைப் பிடித்து ஊற்றினாள். வாழைக்காயை வேகவைத்துக் கொடுத்தாள். கட்டட்டும் என்று. கட்டியது. ஏற்கெனவே கட்டிப்போய்க் கிடந்த குடலுக்கு மேலே இவள் சிமெண்டுப் பூச்சு பூசினாள், அடியில் இன்னும் வழிந்தது, இவள் இன்னும் பூசினாள். அதற்கும் முன்னால் வெற்றிலைக் காம்பு. கைப்பிள்ளையாக இருக்கும்போது விளக்கெண்ணெய் தொட்டுக் காம்பை வைத்தால் போதும், இந்தா பிடி என்று வந்துவிடும், ஊரில் எல்லாரும் செய்வதுதான். மூன்று வயதிலும் அதையே செய்தாள். பிள்ளை திமிறியது, இவள் தொடையில் இடுக்கிக்கொண்டாள், இரண்டு காலையும் ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து இவள் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தாலே, அது தலைக்கு வைக்கிற எண்ணெயாக இருந்தாலும், பிள்ளை சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ளும். கோமு கையில் அந்தக் காம்பு இல்லை. அவள் கை சுத்தம். வந்தவள் கை எப்போதும் சுத்தம்.

பிறகு அந்தப் பங்குனி நாள். அதை நினைத்தால்தான் இவளுக்குக் காது சூடாகும். விருந்தாள் வந்திருந்த நேரம் நடுவீட்டில் பிள்ளை கறையோடு வந்து நின்றது. அவர்கள் போன பிறகு செண்பகம் அடுப்பைப் பற்றவைத்து தோசைத் திருப்பியைச் சுடவைத்தாள். காட்டத்தான். கோமதியம்மன் சாட்சியாகக் காட்டத்தான், வைக்க இல்லை. எந்த அம்மா வைப்பாள். “இனிமே போவியா, போவியா” என்று திருப்பியைப் பிள்ளையின் முன்னால் நீட்டினாள். கோமு எங்கிருந்தோ வந்தாள். வந்து இரண்டு மாதம்தான், தாலிக்கயிற்று மஞ்சள் மங்கவில்லை, அந்த வீட்டில் அதுவரைக்கும் உரக்கத் தும்மினவள்கூட இல்லை. திருப்பியை இவள் கையிலிருந்து தட்டிவிட்டாள். அது பறந்து போய் அம்மிக்குப் பக்கத்தில் விழுந்து, விழுந்த இடத்தில் தரை ஒரு விரற்கடை உருகிப்போனது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், போய்ப் பாருங்கள், இன்றும் குழி இருக்கிறது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புறவாசல் வழியாகப் போனவள் விளக்கு வைக்கிற வரைக்கும் கோயிலில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள். மறுநாள் காலையில் அவளே நமச்சிவாயத்திடம் சொல்லி திருநெல்வேலி டாக்டரம்மாவிடம் டோக்கன் போடச் சொன்னாள். என் பிள்ளைக்கு டோக்கன் போட இவள் யார். என் அடுப்படியில் என் கையைத் தட்டிவிட இவள் யார். தட்டிவிடும்போது அவள் முகம் வெளிறிக் கிடந்ததே, அது ஏன் என்று செண்பகம் ஒரு நாளும் யோசித்ததில்லை. கோபம் என்று வைத்துக்கொண்டாள். திமிர் என்று வைத்துக்கொண்டாள். அப்படி வைத்துக்கொள்வது எளிதாக இருந்தது.

மருந்து வேலை செய்தது. இனிப்பு மருந்து, ராத்திரி ராத்திரி, மாசக்கணக்கில், நிறுத்தவே கூடாது. முதல் தடவை அந்த உருண்டை வெளியே வந்த நாளைப் பற்றி நான் சொல்லவேண்டும், அன்றும் உள்ளே கோமுதான். அது வந்த சத்தத்தில் வேப்பமரத்துக் காக்காயெல்லாம் எழும்பிப் போய் மத்தியானச் சோற்றுக்குத்தான் திரும்பின. ஐந்து வாளித் தண்ணீருக்கு அது அசையவில்லை. சங்கரலிங்கம் மூங்கில் கம்போடு வந்து, பார்த்து, கம்பைக் கீழே போட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டான். தெருவே சந்தோஷப்பட்டது. செண்பகம் ஒருத்திதான் அடுப்படியில் நின்று வெங்காயம் நறுக்கினாள், அழுததற்கு வெங்காயம் சாட்சி. சந்தோஷமும்தான், இல்லாமலா, பெற்ற பிள்ளை. ஆனால் சந்தோஷத்துக்குள் ஒரு முள். ஏன் அவளிடம். ஏன் என்னிடம் இல்லை. உள்ளே என்னதான் சொல்லுகிறாள். இந்தச் சுவரில் வேறு, வாளிக்குப் பின்னால், வரிசையாக ஸ்டிக்கர் பொட்டு. சிவப்பு, அரக்கு, கறுப்பு. அவள் பொட்டு. கக்கூஸ் சுவரில் எவளாவது பொட்டு ஒட்டுவாளா. அதையும் இன்று காலையில் சுரண்டிவிடலாம் என்று பார்த்தாள், நேரமில்லை.

வெளியே வண்டிக்காரன் ஆரன் அடித்தான். கதவில் விரல் தட்டுகிற சத்தம், பயந்த சத்தம். “அக்கா.” “என்ன.” “நான் வேணும்னா ஒரு நிமிசம் உள்ள இருக்கட்டுமாக்கா? போறதுக்கு முன்ன.” “வேண்டாம்.” “இல்லக்கா, பிள்ளைக்கு வயிறு...” “பிள்ளைக்கு அம்மா இருக்கா. நீ உன் சாமானப் பாரு கோமு, பீரோக் கண்ணாடி உடைஞ்சிறப் போவுது.” கதவிலிருந்து விரல் இறங்கியது. பிறகு கொலுசு தூரமாகப் போனது. உலகுவின் உதடு பிதுங்கியது. “சித்தி வரட்டும்.” “சித்தி ஊருக்குப் போறா.” “நானும் போறேன்.” இதுதான். இந்தச் சொல்லுக்குத்தான் ராத்திரியிலிருந்து பயந்துகொண்டிருந்தாள். நாய்க்குட்டிப் பை, வண்டியின் முன் சீட்டில் கோமு மடியில் பிள்ளை, ராஜபாளையத்தில் நாளைக்குப் பால் காய்ச்சுகிறார்கள், புது வீட்டில் புதுக் கக்கூஸ், மணைப்பலகை, சிரிப்பு, தண்ணீர்ச் சத்தம். ஒரு மாதம் என்பார்கள், அங்கேயே ஒரு பள்ளிக்கூடம் பார்ப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரி கேட்பாள், அம்மா நீங்கதானே. இந்தத் தடவை இல்லை என்று சொல்ல அங்கே யார் இருப்பார்கள்.

“அம்மா, நீ பாக்காத.” செண்பகத்துக்கு முதலில் காதில் ஏறவில்லை. “என்னது.” “நீ பாத்துக்கிட்டே இருக்க. பாக்காத.” “நான் பாக்காம யாரு பாப்பா. சித்தி பாக்கலியா.” “சித்தி பாக்காது. சித்தி திரும்பிக்கிடும்.” “திரும்பி?” “செவுத்தப் பாத்துக்கிட்டு உக்காந்துக்கிடும். பொட்டு ஒட்டும். கதை சொல்லும்.” “என்ன கதை.” உலகு வாயைப் பொத்திக்கொண்டாள். “சொல்லக்கூடாது. சித்திகிட்ட சத்தியம்.” அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு சத்தியமா. என் வயிற்றில் கிடந்த பிள்ளையும் எவளோ பெற்ற பெண்ணும் எனக்குத் தெரியாமல், என் வீட்டுக் கக்கூஸில் உட்கார்ந்து சத்தியம் செய்திருக்கிறார்களா. செண்பகத்தின் குரல் தேனாகிவிட்டது, அவளுக்கே அந்தக் குரல் பிடிக்கவில்லை. “அம்மாகிட்ட சொன்னா சத்தியம் போகாதும்மா. அம்மா வேற, மத்தவங்க வேற.” பிள்ளை யோசித்தது. கட்டைவிரலைப் பார்த்தது. வெளியே ஒருதரம் காது கொடுத்துக் கேட்டது. பிறகு குனிந்து, அந்தக் கோப்பைமேல் உட்கார்ந்தபடியே, ரகசியமாக, எச்சில் தெறிக்கச் சொன்னது: “சித்தியும் பாவாடையிலயே போயிருமாம். என்ன மாதிரியே. மூணாங்கிளாஸ் வரைக்கும். சித்தியோட அம்மா கரண்டியச் சுட வச்சு கால்ல இழுத்துட்டாங்களாம். அது மத்தாப்பு இல்லியாம். சித்தப்பாவுக்கே தெரியாதாம்.”

கிடைத்துவிட்டது. செண்பகத்துக்கு முதலில் தோன்றியது அதுதான், மறைப்பானேன், சத்தியம் செய்துவிட்டல்லவா சொல்கிறேன். முதலில் தோன்றியது சந்தோஷம். தை மாதத்திலிருந்து தேடிக்கொண்டிருந்த கல் கைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. நாளைக்குப் பால் காய்ச்சும்போது, எல்லாரும் இருக்கும்போது, சிரித்துக்கொண்டே, பாலைக் கிண்டுகிற சாக்கில், “நம்ம கோமு சின்னப் பிள்ளையில...” என்று இழுத்தால் போதும். நமச்சிவாயம் நிமிர்ந்து பார்ப்பான். வண்டிக்காரன்வரை போய்விடும். அந்த நடை, அந்தப் பேச்சு, அந்தப் பிச்சிப்பூ, எல்லாம் ஒரே நாளில் வாடிவிடும். கரண்டியைச் சுட வச்சு. சுட வச்சு கால்ல. தோசைத் திருப்பி பறந்தது நினைவுக்கு வந்தது. அந்த முகம் வெளிறியிருந்ததே. பார்த்தாளே, பார்த்துவிட்டுத் திமிர் என்று வைத்துக்கொண்டாளே. காட்டத்தான், வைக்க இல்லை. அவள் அம்மாவும் முதல் தடவை காட்டத்தான் எடுத்திருப்பாள். நினைப்பை வேறு பக்கம் திருப்பப் பார்த்தாள், பால் காய்ச்சுகிற பக்கம், நமச்சிவாயம் நிமிர்ந்து பார்க்கிற பக்கம். நினைப்பு போய்ப் போய் அம்மிக்குப் பக்கத்தில் விழுந்த திருப்பியிலேயே இடறி நின்றது.

“நீ சொல்லிருவியா?” என்றாள் உலகு. நிமிர்ந்து பார்த்தாள் செண்பகம். பிள்ளையின் முகத்தில் ரத்தம் இல்லை. சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்ட பயத்தில் காலிரண்டும் பின்னிக்கொண்டன, கட்டைவிரல் முன்னைவிடச் சுருண்டது, வயிற்றுக்குள்ளே என்னென்னவோ கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொள்வது இவளுக்குக் கேட்பதுபோல இருந்தது. இப்போது சொன்னால், நாளைக்குச் சொன்னால், என்றைக்குச் சொன்னாலும், இந்தப் பிள்ளை இனி எதையுமே இவளிடம் விடாது. மலம் இருக்கட்டும், ஒரு சொல்லைக்கூட விடாது. “சொல்லமாட்டேன்” என்றாள். “யாருகிட்டயும்?” “யாருகிட்டயும்.” “அப்பாகிட்ட?” “அப்பாகிட்டயும்.” கையை நீட்டினாள், பிள்ளை அதன்மேல் அடித்தது. கையில் இருந்த கல் எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. பிறகு செண்பகம் வாளியோடு திரும்பி, சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

மூக்குக்கு நேரே பொட்டுகள். ஓ, இங்கே இருந்துதான். இவ்வளவு நாளும் கோமு பார்த்துக்கொண்டிருந்தது இந்தச் சுண்ணாம்புச் சுவரை. ஒரு மேகம் மாதிரி ஈரக்கறை, ஒரு பல்லி முட்டை. முதுகுக்குப் பின்னால் பிள்ளை. பிள்ளையைப் பார்க்காமல் இருப்பது எவ்வளவு பெரிய கஷ்டம் என்று செண்பகத்துக்கு அப்போதுதான் தெரிந்தது. கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது, பிடித்து நிறுத்தினாள். என்ன சொல்லுவது. சொல்லுவதற்கு இவளிடம் என்ன இருக்கிறது. இவள் சின்ன வயதில் காலையில் எழுந்தால் கொய்யாமரத்துக்குப் பின்னால் போனாள், வந்தாள், ஒரு கஷ்டமும் பட்டதில்லை. ஒரு பாவாடையும் கெட்டதில்லை. அவளுக்குக் கதை இருக்கிறது. தழும்பு இருக்கிறது. எனக்கு என்ன இருக்கிறது. இதிலும் அவள்தானா முந்தி. அந்த எரிச்சல்தான், சத்தியமாக அந்த எரிச்சல்தான், செண்பகத்தின் வாயைத் திறந்தது. “சித்தி மூணாங்கிளாஸ் வரைக்கும்தானே?” என்றாள் சுவரிடம். “ம்.” “நான் அஞ்சாங்கிளாஸ் வரைக்கும்.”

பின்னால் முக்காலி ஆடுவது நின்றது. பிறகு, “நெசமாவா?” “நெசமா.” “பாவாடையிலயா?” “பாவாடை, பாய், பள்ளிக்கூடத்துப் பெஞ்சு. சித்தியெல்லாம் எனக்கு முன்னால எம்மாத்திரம்.” “மிஸ் திட்டுனாங்களா?” “திட்டுனாங்களாவா. கணக்கு வாத்தியாரு சன்னலைத் திறந்தாரு. பத்தலை. கதவைக் கழத்தி வெளிய வச்சாரு. பத்தலை. ஓட்டைப் பிரிச்சாரு.” ஒரு சின்ன ஒலி, தொண்டைக்குள் குமிழி உடைகிற மாதிரி. செண்பகம் திரும்பவில்லை. பொட்டைப் பார்த்தாள், சிவப்புப் பொட்டை. “ஒரு நாள் கல்வி அதிகாரி வந்தாரு, ஜீப்புல. பள்ளிக்கூட வாசல்ல எறங்குனாரு. மோந்து பாத்தாரு. அப்படியே பின்னங்கால வச்சு ஜீப்புல ஏறி, ‘இந்தப் பள்ளிக்கூடத்துக்கு நாளையில இருந்து ஒரு வாரம் லீவு’ன்னுட்டுப் போயிட்டாரு. எல்லாப் பிள்ளையும் என்னத் தோள்ல தூக்கி வச்சுக்கிட்டு ஊர்வலம் போச்சு.” “நாத்தம் அடிச்சிருக்குமே.” “அதான் மூக்கப் பிடிச்சுக்கிட்டே தூக்கிட்டுப் போனாங்க.” அப்போது வந்தது அந்தச் சிரிப்பு. தகரக் கதவுக்கு வெளியே நின்று இவ்வளவு நாளும் கேட்டது, இவளுடையது இல்லாத சிரிப்பு, வயிற்றின் அடியிலிருந்து குலுங்கிக் குலுங்கி, முக்காலி தடதடக்க, இவள் முதுகில் வந்து மோதியது. சிரிப்புக்கு நடுவில் ஒரு மூச்சு நின்றது. பிறகு தண்ணீரில் கல் விழுகிற சத்தம். இன்னொன்று. செண்பகம் நெற்றியைச் சுவரில் சாய்த்துக்கொண்டாள். சுவர் குளிர்ச்சியாக இருந்தது. “அம்மா.” “ம்.” “போய்ட்டேன்.” “தெரியும்.” “நீ பாக்கவே இல்லியே.” “பாக்கலை தங்கம்.” நெற்றியை எடுத்தபோது கோமுவின் பொட்டு ஒன்று அதில் ஒட்டிக்கொண்டு வந்தது, அவளுக்குத் தெரியாது.

கழுவிவிட்டு, கவுனை இழுத்துவிட்டு, கதவைத் திறந்தாள். ஒரு தப்புச் செய்தாள். கோமு செய்த மாதிரி இவள் பிள்ளையிடம் சத்தியம் வாங்கவில்லை. உலகு வாசலுக்கு ஓடினாள். அங்கே வண்டிக்காரன், கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த நமச்சிவாயம், நாய்க்குட்டிப் பையை ஒரு கையில் தொங்கவிட்டுக்கொண்டு நின்ற சங்கரலிங்கம், தெருக்குழாயில் குடத்தோடு நாலு பெண்கள். உலகு நடுவில் நின்று சொன்னாள்: “நான் போய்ட்டேன். எங்கம்மா அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் பாவாடையிலயே போயிருமாம். ஸ்கூலுக்கே லீவு விட்டாங்களாம்.”

குழாயடியில் ஒரு குடம் நிரம்பி வழிந்தது. வண்டிக்காரன் அந்தப் பக்கமாகத் திரும்பி டயரைப் பார்த்தான், தோள் குலுங்கியது. சங்கரலிங்கம், “பொண்ணு பாக்க வந்தப்ப இத உங்கப்பா சொல்லவேயில்லையே செம்பா” என்றான். வண்டியின் முன் சீட்டில் ஒரு காலை வைத்திருந்த கோமு மட்டும் சிரிக்கவில்லை. செண்பகத்தைப் பார்த்தாள். முகம் வெளிறிப்போயிற்று, அந்தப் பங்குனி நாள்போல. பிள்ளை எதைச் சொல்லியிருக்கிறது, எது வரைக்கும் சொல்லியிருக்கிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒரு சொல் போதும். பொய், பிள்ளைக்காகச் சொன்னேன், நான் இல்லை, இதோ இவள்தான் என்று ஒரே ஒரு சொல். செண்பகத்தின் நாக்கு நுனிவரைக்கும் அது வந்தது, வந்து முட்டியது. அடக்கிக்கொண்டாள். இது அடக்கவேண்டியது. “ஆமா” என்றாள் தெருவுக்கே. “அஞ்சாங்கிளாஸ் முழுப்பரீட்சை வரைக்கும். இப்ப அதுக்கென்ன.” சொல்லிவிட்டுச் சங்கரலிங்கத்தின் கையிலிருந்த நாய்க்குட்டிப் பையைப் பிடுங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

கோமு சீட்டிலிருந்து இறங்கினாள். வண்டியின் பின்பக்கம் போய், கட்டிய கயிற்றைத் தளர்த்தி, மெத்தைக்கு அடியிலிருந்து மணைப்பலகையை இழுத்து எடுத்தாள். “இது இங்கயே கிடக்கட்டும்க்கா.” “ஏன், எங்கிட்ட பலகை இல்லியாக்கும்” என்றாள் செண்பகம். கை மட்டும் அதை வாங்கிக்கொண்டது. கோமு அவள் நெற்றியைப் பார்த்தாள், தன் சிவப்புப் பொட்டு செண்பகத்தின் குங்குமத்துக்குப் பக்கத்தில் கோணலாக ஒட்டியிருந்ததைப் பார்த்தாள், விரலால் எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். வண்டி புறப்பட்டது. உலகு கையை ஆட்டினாள். வண்டி முக்கில் திரும்பி மறைந்த பிறகும் ஆட்டிக்கொண்டேயிருந்தாள். “போதும், கை வலிக்கப் போவுது” என்று செண்பகம் அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள்.

அஞ்சாங்கிளாஸ் சமாசாரம் ஊருக்கே தெரியும். குழாயடியில் இன்றைக்கும் கேட்பார்கள், அவளும் ஆமா ஆமா என்பாள், ஜீப்புக் கதையை வேறு கூட்டிச் சொல்லுவாள். மூணாங்கிளாஸ் சமாசாரம் இந்தக் குடும்பத்தில் மூன்று பெண்களுக்குத்தான் தெரியும், அதில் ஒருத்திக்கு வயது ஐந்து. இப்போது உங்களுக்கும் தெரியும். எனக்கு எப்படித் தெரிந்தது என்று நோண்டாதீர்கள். நமச்சிவாயத்தின் காதுக்கு மட்டும் இது போகவே கூடாது. அப்படி எங்கேயாவது கசிந்து, யார் சொன்னது என்று எவனாவது உங்களைப் பிடித்துக்கொண்டால், நீங்களும் கொஞ்சம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளுங்கள். என் பெயரை எடுக்கவேண்டாம்.